பொதிகை உச்சிக்கு முதல்முறை போகிறீர்களா? நெல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் வானம் தெளிவாக இருக்கிற காலையில் மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் மலைத்தொடருக்கு மேலே கூம்பாக ஒரு கருங்கல் உச்சி தெரியும். அதுதான் அகத்தியர் மலை, நம்ம ஊர்ப் பேச்சில் பொதிகை. உயரம் 1,868 மீட்டர். பார்க்கிற தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஏற வேண்டுமென்றால் கேரளா சுற்றிப் போக வேண்டும், அதற்கும் முன்னால் ஒரு இணையதளத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஏறி இறங்கிய கால் வலி எனக்கு அந்த வாரத்தோடு போய்விட்டது. பாஸ் வாங்க அலைந்த எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை, அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். சித்தர் கதை, புராணம் எல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று, இங்கே அது கிடையாது. என்ன காகிதம், எவ்வளவு பணம், எப்போது கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

1. வாசல் எந்தப் பக்கம் என்பதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

பாபநாசம், காரையாறு வழியாக உச்சிக்கு ஏற இப்போது அனுமதி கிடையாது. அந்தப் பக்கம் முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து. ஒரு காலத்தில் பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, பூங்குளம் வழியாக நம்ம ஆட்கள் போய்வந்தது உண்மைதான். வீட்டில் பெரியவர்கள் யாராவது போயிருந்தால் அந்தக் கதையைச் சொல்லி உங்களை உசுப்பேற்றுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொரு குரலும் வரும். டீக்கடையில் விசாரித்தால், "அண்ணாச்சி, எதுக்கு கேரளா போய்க்கிட்டு? நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு மேல இருக்காரு, ராத்திரி கூட்டிட்டுப் போயிருவாரு" என்பார்கள். வேண்டவே வேண்டாம். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாட்டினால் உங்கள் மேல் வழக்கு என்பதோடு போகாது, கூட்டிப்போன காணிக்காரர் (இந்த மலையில் வாழும் பழங்குடி மக்கள்) குடும்பத்துக்கும் கஷ்டம்.

மூன்றாவது குழப்பம் இப்போது புதிதாக முளைத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது, ஆன்லைனில் பதிவு செய்து போகலாம். நெல்லை மாவட்டத்திலும் காரையாறு வட்டாரத்தில் பாதை கொடுத்திருக்கிறார்கள். நல்ல திட்டம்தான், குழந்தை குட்டியோடு காடு பார்க்க நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் அது காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற நடை, அகத்தியர் உச்சிக்குப் போகாது. அதற்குப் பணம் கட்டிவிட்டு "உச்சி எப்போ வரும்" என்று கேட்டால் கூட வருகிறவர் என்ன சொல்வார், பாவம்.

ஆக, ஒரே வாசல் கேரளாவில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரை தாண்டியுள்ள போணக்காடு. அனுமதி கொடுப்பது கேரள வனத்துறை. திருவனந்தபுரம் பி.டி.பி. நகரில் இருக்கிற வனவிலங்கு வார்டன் அலுவலகம்தான் இதைக் கவனிக்கிறது.

2. தேதி: டிசம்பர் கடைசியிலிருந்தே கண் வையுங்கள்

வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் இடம் இல்லை இது. ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை, சில வருஷம் மார்ச் முதல் நாட்கள் வரை சீசன். மற்ற மாதங்களில் மழை, இல்லையென்றால் காட்டுத்தீ பயம்.

சரியான தேதியை ஒவ்வொரு வருஷமும் புதிதாக அறிவிப்பார்கள், போன வருஷத் தேதியை நம்பி லீவு போட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு நூறு பேருக்குள்தான் விடுகிறார்கள். முழு சீசனுக்கும் ஒரே நாளில் பதிவைத் திறக்காமல், முதல் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை, அடுத்ததற்கு ஒரு தடவை என்று பகுதி பகுதியாகத் திறக்கிற வழக்கமும் உண்டு. முதல் பகுதி போய்விட்டதென்று தலையில் கைவைத்து உட்கார வேண்டியதில்லை, அடுத்த பகுதியின் பதிவு நாளைப் பார்த்து வையுங்கள்.

எந்த நாள் கேட்பது? சனி ஞாயிறு உட்படும் நாட்கள் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். செவ்வாய், புதன் ஏறத் தொடங்குகிற மாதிரி கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஜனவரி 14, 15 ஒட்டிய நாட்களில் நாகர்கோவில் வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ கேரளா போகிற எல்லா வண்டியிலும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அதோடு பொங்கல் கூட்டமும் சேரும். பஸ்ஸில் நின்றுகொண்டே போய் மறுநாள் காலை 15 கிலோமீட்டர் நடக்க நினைக்காதீர்கள். என் கணக்கில் பிப்ரவரி முதல் பாதிதான் நல்லது. மழை விட்டுப் பாறை காய்ந்திருக்கும், வெயிலும் முற்றியிருக்காது.

3. பெயர், இனிஷியல், வயது

பதிவில் நீங்கள் அடிக்கிற பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழர்களான நாம் இதில்தான் கவிழ்கிறோம். ஆதாரில் இனிஷியல் பின்னால், வாக்காளர் அட்டையில் முன்னால், ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் முழுசாக. எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள். கூட வருகிறவர்களின் அட்டையையும் வாட்ஸ்அப்பில் முன்னாடியே வாங்கி, பெயர், எண், பிறந்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது மச்சினனுக்குப் போன் போட்டு "மாப்ள, ஆதார் நம்பர் சொல்லு" என்று கேட்க நேரம் இருக்காது.

14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. 14 முதல் 18 வரை என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

பெண்கள் போக முடியாது என்று இன்னமும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது, 2019 ஜனவரியிலிருந்து பெண்கள் ஏறுகிறார்கள். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் அதேதான்.

4. பதிவு அன்று

கேரள வனத்துறையின் இணையதளத்தில் மலையேற்றப் பதிவுக்கென்று தனிப் பக்கம் உண்டு. கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் டிராவல்ஸ் பக்கம்தான். "பாஸ் நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்று கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு கேட்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் முகவரியில் அரசு இணையதளத்தின் அடையாளம் இருக்கிறதா பாருங்கள்.

பதிவு திறக்கிற நேரத்துக்கு முன்பே கணக்கு உருவாக்கி, உள்ளே நுழைந்து, ஓடிபி உங்கள் எண்ணுக்கு வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். திறந்ததும் தளம் திணறும். பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது ரிஃப்ரெஷ் அழுத்தத் தோன்றும், பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். வங்கியில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்ற நிலை அங்கேதான் உண்டாகிறது. அப்படி ஆனால் பரிவர்த்தனை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு வார்டன் அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் போட்டு, போனும் செய்யுங்கள். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், நம்ம நெல்லைத் தமிழை மெதுவாகப் பேசினால் திருவனந்தபுரத்தில் பாதிப் பேருக்குப் புரியும்.

இணையதளம் கைகொடுக்கவில்லை என்றால் கேரளாவில் அக்ஷயா மையங்கள் உண்டு, நம்ம இ-சேவை மையம் மாதிரி. அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் அடையாள அட்டை நகலை அனுப்பிப் போடச் சொல்லலாம்.

கட்டிய பணம் திரும்ப வரும், தேதியை மாற்றிக்கொள்ளலாம், வராத ஆளுக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாம் என்ற எண்ணத்தோடு கட்டாதீர்கள். "வரேன்னுதான் நினைக்கேன்" என்று இழுக்கிறவரை முதலிலேயே கழற்றிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

5. மருத்துவச் சான்றிதழ், இதுதான் பலரைத் திருப்பி அனுப்புகிறது

ஏறத் தகுதியான உடல்நிலை என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் கொடுத்த சான்றிதழ் வேண்டும். அதுவும் பயண நாளுக்கு முந்தைய ஏழு நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பதிவு கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கே போய் வாங்கி ஃபைலில் வைத்துவிடாதீர்கள், கிளம்பும் நாளில் அது செல்லாக்காசு. நாங்கள் போணக்காட்டில் வரிசையில் நின்றபோது எங்களுக்கு முன்னால் நின்ற கோயம்புத்தூர்ப் பையன்கள் இருவரின் சான்றிதழில் தேதி பழசு. வனக்காவலர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேதியின் மேல் விரலை வைத்துத் தட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், அவர் அடுத்த ஆளின் தாளுக்குக் கை நீட்டிவிட்டார்.

சான்றிதழில் என்னென்ன இருக்க வேண்டும்: உங்கள் முழுப் பெயர் (அட்டையில் உள்ளபடி), வயது, மலையேற்றத்துக்குத் தகுதி என்ற வரி, தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் தெரிகிற முத்திரை. ஆங்கிலத்தில் வாங்குங்கள், தமிழில் எழுதினால் அங்கே படிக்க ஆள் தேட வேண்டும். வனத்துறை தளத்தில் படிவம் கொடுத்திருந்தால் அதையே அச்சிட்டுக் கொண்டுபோய் நிரப்பச் சொல்லுங்கள்.

நெல்லையில் இதை வாங்குவதே தனி வேலை. நான் போன ஒரு கிளினிக்கில் "மலை ஏறி ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க தலையில வரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். உங்களை ஏற்கெனவே பார்க்கிற குடும்ப மருத்துவரிடம் போவதுதான் சுலபமான வழி. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மூச்சு, நாடி பார்த்துக் கொடுப்பார். சில நூறு ரூபாய் ஆகும். பரிசோதிக்காமல் சும்மா எழுதித் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். ராத்திரி தங்குகிற முகாம் இருக்கிற அதிருமலையில் நெஞ்சு வலி வந்தால் உங்களைத் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும், ஆம்புலன்ஸ் ஏறாது. இதய நோய், கட்டுப்படாத ஆஸ்துமா, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் உண்மையிலேயே யோசியுங்கள்.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அச்சிட்ட அனுமதிச் சீட்டு, பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் அசல், அதன் நகல், மருத்துவச் சான்றிதழ், உறுதிமொழிப் படிவம் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டு அது, சிறுவர்கள் என்றால் சம்மதக் கடிதம். எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்து இரண்டு பேர் பையில் வையுங்கள். போணக்காட்டில் ஜெராக்ஸ் கடை கிடையாது. போனில் காட்டிக்கொள்ளலாம் என்றால் அங்கே சிக்னலும் கிடையாது.

7. பணம்

2025 சீசனில் ஒரு ஆளுக்கு 2,700 ரூபாய் வாங்கினார்கள், 2,200 மலையேற்றக் கட்டணம், 500 சூழல் மேம்பாட்டுக்கான சிறப்புக் கட்டணம். வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, அதனால் அதற்கு மேலே கொஞ்சம் கூட்டியே கணக்குப் போடுங்கள். இதில் சாப்பாடு சேராது. போணக்காட்டிலும் அதிருமலை முகாமிலும் காட்டு மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழு நடத்துகிற கேன்டீன் இருக்கிறது, காலைச் சாப்பாடு, மதியப் பொட்டலம், ராத்திரி கஞ்சி எல்லாம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மேலே அரிசி மூட்டையைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோகிறார்கள், விலை கீழே உள்ளதைவிடக் கூட இருக்கிறதே என்று முணுமுணுக்காதீர்கள்.

பயணச் செலவு, முந்தின ராத்திரி தங்குவது, சாப்பாடு என்று கட்டணத்துக்கு மேல் ஒரு ஆளுக்கு மூவாயிரம் தனியாக வைத்துக்கொண்டால் நெருக்கடி இல்லாமல் போய்வரலாம். முக்கியமாக ரொக்கம், அதுவும் சில்லறை. ஜிபேவை நம்பிப் போனால் கஞ்சிக்கே கடன் சொல்ல வேண்டிவரும்.

8. நெல்லையிலிருந்து போணக்காட்டுக்கு

ரயில்: திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு அனந்தபுரி, திருச்சி இன்டர்சிட்டி இரண்டும் உண்டு. முந்தின நாளே போய்த் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜ் எதிலாவது தங்குங்கள். போணக்காட்டில் தங்க இடம் இல்லை. விதுரையில் தங்கினால் இன்னும் வசதி, மறுநாள் கொஞ்சம் கூடத் தூங்கலாம்.

பஸ்: தம்பானூரிலிருந்து விடிகாலையில் நெடுமங்காடு, விதுரை வழியாகப் போணக்காட்டுக்குக் கேரள அரசுப் பேருந்து போகிறது. நேரத்தை முந்தின நாள் சாயங்காலமே விசாரணை கவுன்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். பலகை மலையாளத்தில் இருக்கும், நடத்துநரிடம் "போணக்காடு" என்று கேட்டு ஏறுங்கள். விதுரை வழியாகவேதான் பொன்முடி பஸ்ஸும் போகிறது, "மலைக்குத்தானே" என்று தலையாட்டிவிட்டு ஏறினால் வேறு மலைக்குப் போய்விடுவீர்கள். போணக்காடு பஸ்ஸைத் தவறவிட்டால் பொன்முடி பஸ்ஸில் விதுரையில் இறங்கி, அங்கிருந்து ஜீப்போ ஆட்டோவோ பேசிக்கொள்ளலாம்.

சொந்த வண்டி: தென்காசி, அம்பை பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரம் போகவே தேவையில்லை. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா, மடத்தறை, பாலோடு, விதுரை என்று நேராகப் போய்விடலாம். காடும் ரப்பர் தோட்டமுமாக அழகான பாதை. புளியரை வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாடகை வண்டி என்றால் கேரள பெர்மிட் பணம் யார் கொடுப்பது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே டிரைவர் அண்ணனிடம் பேசிவிடுங்கள், எல்லையில் நின்று பேசினால் சண்டைதான்.

விதுரை தாண்டிக் காணித்தடம் சோதனைச்சாவடி, அப்புறம் பாழடைந்த தேயிலைத் தோட்டம், அதன் பிறகு பிக்கெட் ஸ்டேஷன், அதாவது வனத்துறையின் காவல் சாவடி. காலை எட்டு மணிக்குள் அங்கே நில்லுங்கள். முற்பகலுக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, இருட்டுவதற்குள் நீங்கள் முகாமைத் தொட வேண்டும். அந்த எஸ்டேட் பங்களாவில் பேய் இருக்கிறதாம், யூடியூபில் ஏகப்பட்ட வீடியோ. அதைப் பார்க்கப் போய் நேரத்தைக் கோட்டை விடாதீர்கள்.

9. பை

பிக்கெட் ஸ்டேஷனில் பையைத் தலைகீழாகக் கொட்டாத குறையாகச் சோதிப்பார்கள். மது, சிகரெட், பிளாஸ்டிக், பூஜைப் பொருட்கள் எதற்கும் அனுமதி இல்லை. அகத்தியருக்குச் சாத்த வேண்டும் என்று கற்பூரம், எண்ணெய் எடுத்துப் போகிற பக்தர்கள் இங்கேதான் மனம் வருந்துகிறார்கள். மனதோடு கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், கருப்பட்டி எல்லாவற்றையும் கவரைக் கழற்றித் துணிப்பையிலோ சின்ன எவர்சில்வர் டப்பாவிலோ போடுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், ஒரு லிட்டர் போதும், வழியில் ஓடைகள் இருக்கின்றன. முதல் நாள் மதியத்துக்கு வாழை இலையில் கட்டிய புளியோதரை அருமையாகத் தாங்கும்.

துணி ஒரு மாற்று, ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர், காதை மூட மஃப்ளர், டார்ச், மழைக்கோட்டு, போர்வை. அதிருமலையில் ராத்திரிக் காற்று முகாமின் தகரத்தைப் பிய்த்துவிடும் போல அடிக்கும், பாளையங்கோட்டை மார்கழிக் குளிரை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், மழை பெய்திருந்தால் கட்டாயம் தேவைப்படும். முதலுதவிப் பொருட்கள், நீங்கள் தினசரி சாப்பிடும் மாத்திரைகள். காலில் பிடிமானமுள்ள ஷூ, புதுசு வேண்டாம், ஒரு மாதமாவது போட்டு நடந்ததாக இருக்கட்டும்.

மொத்தப் பையும் ஏழெட்டுக் கிலோவுக்குள் நிற்கட்டும். 1855-இலேயே திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் புரூன் என்பவர் இந்த மலை மேல் ஆய்வுக்கூடம் கட்டிக் கருவிகளை வைத்திருந்தார், ஆனால் சுமந்தது அவர் இல்லை. உங்கள் பையை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

பயிற்சிக்குக் கடையம் பக்கத்துத் தோரணமலை நல்ல இடம். படி ஏற்றம், நடுநடுவே பாறை, எல்லாம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய மாதத்தில் வாராவாரம் பையோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பழக வேண்டும், முட்டி போவது இறக்கத்தில்தான்.

10. மூன்று நாள்

முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை வரை சுமார் 15 கிலோமீட்டர். காணி மக்களில் வழிகாட்டிகள் கூட வருவார்கள். அவர்களை விட்டு முன்னாலும் ஓட வேண்டாம், பின்னாலும் தங்க வேண்டாம், யானை, காட்டெருமை நடமாடுகிற காடு. கரமனையாறு, வாழப்பீந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகள் வரும்வரை மர நிழலில் சுகமாகப் போகும். அதை நம்பி ஆற்றில் குளித்துக் கும்மாளம் போட்டு நேரத்தைச் செலவழித்தால் பின்னால் அழ வேண்டிவரும். ஏனென்றால் அட்டையாறு தாண்டியதும் புல்வெளி, ஒரு பொட்டு நிழல் கிடையாது, அப்புறம் ஏழுமடக்கன்தேரி என்ற செங்குத்து ஏற்றம். உச்சி வெயிலில் அங்கே மாட்டாமல் இருக்க வேண்டுமென்றால் காலையில் வேகமாக நடந்துவிட வேண்டும். அட்டையாற்றில் பாட்டிலை முழுசாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு அதிருமலை. பொதுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான், மெத்தை கட்டில் எதிர்பார்க்காதீர்கள். சூடாகக் கஞ்சி, பயறு, ஊறுகாய். எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். குறட்டை தாங்காதவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் உச்சி. இன்னும் ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் முதல் நாள் பதினைந்தையும் இது விழுங்கிவிடும். பெரிய பையை முகாமிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர், கொஞ்சம் தீனி, மழைக்கோட்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஏறி ஈத்தல் என்கிற மூங்கில் புதர் தாண்டினால் பொங்கலப்பாறை. நல்ல சுனைத் தண்ணீர், மேலே போவதற்கு முன் நிரப்ப வேண்டிய கடைசி இடம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மரமெல்லாம் இடுப்புயரத்துக்குக் குறுகிவிடும், காற்று தலையில் அடித்து வளர்த்த மரங்கள்.

அப்புறம் வெறும் கருங்கல். கயிறு பிடித்து ஏற வேண்டிய இடங்கள் இங்கேதான். கயிற்றைப் பிடிக்கும்போது கையால் உடம்பை இழுக்காதீர்கள், பாதம் முழுசாகப் பாறையில் படிய நின்று, காலால் ஏறுங்கள், கயிறு பிடிமானத்துக்கு மட்டும். ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒரே ஆள். பாறையில் வெளிறிய இடம் பிடிக்கும், கறுத்து மினுங்குகிற கோடுகள் தண்ணீர் வழிந்து பாசி பிடித்த தடம், அதில் கால் வைத்தால் வழுக்கும். மூடுபனி இறங்கினால் வெளிறிய இடமும் ஈரமாகிவிடும், அப்போது வழிகாட்டி "திரும்பலாம்" என்றால் திரும்பிவிடுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அவரோடு வாதாடுகிறவர்களை நானே பார்த்தேன், அவர் அந்தப் பாறையில் பிறந்து வளர்ந்தவர்.

மேலே அகத்தியர் சிலை. காற்று அனுமதித்தால் அரைமணி நேரம் இருக்கலாம். மேகம் விலகினால் கிழக்கே நம்ம பக்கத்து அணைத் தண்ணீர் பளபளக்கும். காலை பத்து, பதினொரு மணிக்குள் உச்சியில் இருப்பது மாதிரி கிளம்பினால் பார்க்கக் கிடைக்கும், மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் வெள்ளைதான்.

இறங்கி முகாமில் இரண்டாம் ராத்திரி. அன்றைக்கே போணக்காடு வரை இறங்கிவிடலாம் என்று இளவட்டங்கள் கணக்குப் போடும். உச்சியிலிருந்து கீழே வரை இருபது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம், முட்டியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மூன்றாம் நாள் காலை கிளம்பினால் மதியத்துக்குள் பிக்கெட் ஸ்டேஷன்.

11. இறங்கிய பிறகு

கொண்டுபோன குப்பையைக் கொண்டுவந்தீர்களா என்று பார்ப்பார்கள், வெளியேறும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் போய்விடாதீர்கள், உங்களைத் தேடிக் காட்டுக்குள் ஆள் போவார்கள். போணக்காட்டிலிருந்து திரும்புகிற பஸ் குறைவு, முதல் நாள் வந்த பஸ்ஸின் நடத்துநரிடமே திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் கூட இறங்கியவர்களோடு சேர்ந்து விதுரை வரை ஒரு ஜீப்பைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கால் பிசகியிருந்தால் விதுரையில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீங்கிய காலோடு ரயிலேற வேண்டாம். அன்று ராத்திரியே நெல்லை வந்து சேர்ந்தாலும் மறுநாள் ஆபீஸுக்குச் சேர்த்தே லீவு சொல்லிவிடுங்கள். ரயில் டிக்கெட் போடும்போதே கீழ் பெர்த்.